உள்கோட்டின் நீளம்

ஐயா, உங்கள் தேநீர்க் கோப்பையின் காதை ஒருமுறை பாருங்கள். அதன் நீளம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? விரல் நுழைகிற உள்பக்கமாக நூலை ஓட்டி அளந்தால் ஓர் அளவு வரும். வெளிப்பக்கமாக ஓட்டினால் அதைவிடக் கூடுதலாக வரும். நடுவில் ஒரு கோடு ஓடுவதாக வைத்துக்கொண்டு அளந்தால் இரண்டுக்கும் இடையில் ஒன்று கிடைக்கும். மூன்றும் அந்தக் காதின் நீளம்தான். ஒன்றுகூடப் பொய் கிடையாது.

நேரான பொருளில் இந்தத் தொல்லையே இல்லை. வளைந்த பொருளை அளக்கிறவன்தான் எந்தக் கோட்டைப் பிடிப்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு வருடமாக நான் செய்கிற வேலை அதுதான். திகாவில் முய்ரூரி பெரியவரின் பட்டறைக்கு லாரியின் அடிச்சட்டமும் இயந்திரமும் மட்டும் வந்து நிற்கும். அதன் மேல் இரும்புக் குழாய்களால் கூடு கட்டி, தகடு போர்த்தி, இருக்கை வைத்துப் பேருந்தாக வெளியே அனுப்புவோம். கூட்டைக் கணினியில் வரைவது நான். ஒவ்வொரு குழாயும் எத்தனை மில்லிமீட்டருக்கு வெட்டப்பட வேண்டும் என்று அளந்து, ஷீட்டில் எழுதி, பட்டறைச் சுவரில் ஒட்டுவதும் நான்தான்.

என் பெயர் முசெம்பி என்று எழுதிக்கொண்டீர்கள். பட்டறையில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். பிள்ளை பெற்றவனைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். குழாய் வளைக்கிற கியாலோவை 'பாபா சியோம்புவா' என்பார்கள், சியோம்புவாவின் அப்பா. எனக்குப் பிள்ளை இல்லாததால் 'மிஸ்தாரி' என்று வைத்தார்கள். கோடு. வெல்டர் ஒருவன் தேநீர் வேளையில் எல்லோரும் கேட்கச் சொல்வான்: "மிஸ்தாரி கோடு மட்டும் நல்லா நீளமாப் போடறாரு. ஒரு புள்ளிதான் வைக்கத் தெரியல." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் மனைவி அந்தக் காரணத்துக்காகத்தான் விட்டுப் போனாள் என்பது அவனுக்குத் தெரியாது.

கியாலோ என் தங்கை கவாத்தாவின் கணவன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டதே நான்தான். அதற்கு முன்னால் அவன் மொம்பாசா துறைமுகத்தில் வேலை செய்தான். அந்த நான்கு வருடமும் தங்கையும் குழந்தையும் என் வீட்டில் இருந்தார்கள். சியோம்புவா முதல் அடி எடுத்து வைத்தது என் நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கணினியில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு மவுஸைப் பிடித்துக்கொள்வாள். நான் ஒரு வளைந்த கோடு போடுவேன். அவள் அதைத் தொடுவாள். பெட்டியில் எண் வரும். "இந்தப் பாம்பு எவ்ளோ நீளம் மாமா?" என்று கேட்பாள். எண்ணைப் படிப்பேன். இன்னொரு பாம்பு போடச் சொல்வாள். அவளுக்கு இப்போது ஏழு வயது. இதுவரை எத்தனை பாம்பு போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

கியாலோ திகாவுக்கு வந்த பிறகு எங்கள் வளாகத்திலேயே பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு சுவர். சியோம்புவா இருமினால் எனக்குக் கேட்கும்.

இந்த ஜனவரியில் கியாலோவுக்கு வெளிநாட்டில், டர்பன் நகரத்தில், வேலை வந்தது. பெரிய பேருந்துத் தொழிற்சாலை. குடும்பத்தோடு தங்க வீடு தருவார்கள். குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் உண்டு. ஒன்று மட்டும் கேட்டிருந்தார்கள். இத்தனை வருடம் வேலை செய்தான், ஒரு வேலையையும் கெடுத்ததில்லை என்று இங்குள்ள முதலாளி கடிதம் தர வேண்டும். முய்ரூரி பெரியவர் அப்போது ஒரு புது மாதிரிப் பேருந்தை எடுத்திருந்தார். சுபிரா என்று அதற்குப் பெயர் வைத்தது அதன் சொந்தக்காரர். அதன் கூட்டை முடித்து வெள்ளிக்கிழமை காட்டினால் அன்றே கடிதம் தருவதாகப் பெரியவர் சொல்லிவிட்டார்.

பெரியவர் அப்படிச் சொன்ன அன்றைக்குக் கவாத்தா முத்தோகோய் சமைத்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். சோளமும் பயறும் நன்றாக வெந்திருந்தன. "நீயும் ஒருநாள் அங்க வந்துடு அண்ணே. கடல் இருக்காம்," என்றாள். வருகிறேன் என்று சொன்னேன். சியோம்புவா அந்த ஊரில் மாமா இருப்பாரா என்று கேட்டாள். அவள் அம்மா, தொலைபேசியில் இருப்பார் என்றாள்.

நான் கோபக்காரன் இல்லை, ஐயா. பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கியாலோ மீதும் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்லவன். என் தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவன் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அதற்கு ஒரு கெட்டுப்போன வேலை போதும். உயிர், உடம்பு எதையும் தொடாத ஒரு சின்ன விஷயம். கடிதம் கிடைக்காது. டர்பன்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அவன் ஒரு மாதம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பான். பிறகு சரியாகிவிடும். நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்து தேற்றுவதாகக்கூட நினைத்து வைத்திருந்தேன்.

சுபிராவின் கூட்டுக்கு ஒன்பது வளைவுகள். ஒவ்வொன்றும் தரைச்சட்டத்தில் ஒரு காலை ஊன்றி, மேலே ஏறி, கூரையாக வளைந்து, அந்தப் பக்கம் இன்னொரு காலை ஊன்றும். ஒரே குழாய், ஒட்டுப் போடாமல். ஐம்பது மில்லிமீட்டர் சதுரக் குழாய். குழாயை வளைக்கும்போது வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும், நடுக்கோடு மட்டும் நீளாமல் சுருங்காமல் அப்படியே இருக்கும். அதனால் வெட்டும் அளவை நடுக்கோட்டில்தான் எடுக்க வேண்டும். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

ஆனால் நடுக்கோடு திரையில் தானாகத் தெரியாது. அதை நாம் வரைந்து எடுக்க வேண்டும். உள்கோடு தயாராகக் கண் முன்னால் இருக்கும். தொட்டால் போதும்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் நடுக்கோட்டை வரைந்தேன். ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு என்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு அழித்தேன். பிறகு உள்கோட்டைத் தொட்டேன். ஐயாயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்கு. அதை ஷீட்டில் எழுதினேன். எழுபத்தெட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டு காலுக்கும் பிரித்தால் காலுக்கு முப்பத்தொன்பது. உங்கள் கையில் இரண்டு விரல் அகலம்.

பேருந்தைச் சோதித்த பொறியாளர் கொடுத்த அறிக்கையில் 'வரைபடக்காரரின் கவனக்குறைவு' என்று இருப்பதாக நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். தயவுசெய்து அதைத் திருத்துங்கள். அவர் படித்தவர்; இருந்தாலும் அந்த இடத்தில் தவறிவிட்டார். பன்னிரண்டு வருடத்தில் நான் கவனக்குறைவாக ஓர் அளவு எழுதியதில்லை. இதையும் கவனமாகத்தான் எழுதினேன்.

எங்கள் பட்டறையில் ஒரு நடைமுறை உண்டு. சந்தேகம் இருந்தால் வெட்டுவதற்கு முன்னால் ஷீட்டைப் பற்றிக் கேட்கலாம். வெட்டியவன் குழாயின் மேல் சாக்பீஸால் தன் பெயரை எழுதுவான். எழுதிவிட்டால் அந்தக் குழாய் அவனுடையது. நீளமோ குறைவோ அவன் தலையில்தான். அது புது மாதிரி என்பதால் கியாலோவுக்கு அதன் அளவு பழக்கமில்லை. என்மேல் நம்பிக்கை வேறு. ஒன்பது குழாயையும் அன்று காலையிலேயே வெட்டி, ஒன்பதின் மேலும் 'பாபா சியோம்புவா' என்று எழுதினான். செவ்வாய்க்கிழமை வளைத்தான். புதன்கிழமை முதல் வளைவைத் தூக்கி நிறுத்தினான். இரண்டு காலும் தரைச்சட்டத்துக்கு எட்டவில்லை.

அவன் நேராகப் பெரியவரிடம் போவான், அல்லது பெரியவரே வந்து பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னிடம் வந்தான். கதவைச் சாத்திவிட்டு நின்றான். முகம் சாம்பலாக இருந்தது.

"மச்சான், ஒருதடவ மறுபடி அளந்து காட்டேன். எனக்காக," என்றான்.

திரையைத் திறந்தேன். அவன் கண் முன்னாலேயே உள்கோட்டைத் தொட்டேன். எண் வந்தது. சுவரில் இருந்த அதே எண்.

"பாரு. அதேதான்," என்றேன்.

அவன் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தான். வளைப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை; கணினி மட்டும் அவனுக்குப் பழக்கமில்லை. எந்தக் கோடு என்று அவன் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

"அப்ப நான்தான் வளைக்கிறப்ப எங்கியோ விட்டுட்டேன்," என்றான். பிறகு சொன்னான்: "யாருகிட்டயும் சொல்லாத மச்சான். செருப்பு போட்டுடறேன்."

செருப்பு என்பது எங்கள் பட்டறைப் பேச்சு. எட்டாத காலுக்கு அடியில் ஒரு துண்டுக் குழாயை வைத்து வெல்டிங் செய்வார்கள். படிக்கட்டின் கைப்பிடிக்கு, சாமான் வைக்கும் தட்டுக்குப் போடலாம். கூட்டின் காலுக்குப் போடக் கூடாது. கூரையின் பாரம் முழுவதும் வந்து நிற்பது அந்த இடத்தில்தான். இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வியாழக்கிழமை மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவன் பதினெட்டுச் செருப்பு போட்டான். ஆறு மீட்டர் குழாயில் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளையே எடுத்துக்கொண்டான். அரைத்துச் சமமாக்கி, மேலே சிவப்புப் பூச்சு அடித்தான். வேலை சுத்தமாக இருந்தது. தெரியாதவர் பார்த்தால் ஒட்டே தெரியாது. துண்டு போடும் டிரம் அன்று காலியாக இருந்ததை நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். தகடு போர்த்துவதற்கு முன்னால் கூடு வரைபடத்தின்படி இருக்கிறதா என்று நான் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சுற்றிப் பார்த்தேன். நான்காவது வளைவுக்குப் பக்கத்தில் கியாலோ நின்றிருந்தான். என்னைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் நான் நினைத்தது நடந்திருக்கும், இல்லையா? கடிதம் கிடைத்திருக்காது. அவன் இங்கேயே இருந்திருப்பான். நானும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் செருப்பு ஏன் வந்தது என்று பெரியவர் கேட்பார். குழாயை அளப்பார். ஷீட்டை அளப்பார். திரையைத் திறக்கச் சொல்வார். கவாத்தாவுக்குத் தெரிந்துபோகும். தெரிந்தால் குழந்தையை என் வாசலுக்கு அனுப்ப மாட்டாள்.

கையெழுத்துப் போட்டேன். பெரியவர் கடிதத்தைக் கொடுத்தார். அன்று மாலை வளாகத்தில் கியாலோ எல்லோருக்கும் எண்ணெயில் பொரித்த மண்டாசி வாங்கிக் கொடுத்தான். எனக்கு இரண்டு.

மூன்று வாரத்தில் நாவல்பழ நிறம் பூசி சுபிரா வெளியே போனது. திகாவுக்கும் கிட்டூயிக்கும் நடுவில் ஓடியது. ஏப்ரல் கடைசியில் கியாலோ குடும்பத்துக்கு விமானம். நான் தினமும் மாலையில் பேருந்து நிலையத்துக்குப் போவேன். சுபிரா வந்து நிற்கும். ஒருமுறை சுற்றி வருவேன். ஒட்டு இளகினால் ஜன்னலுக்குக் கீழே பூச்சு வெடிக்கும். ஓட்டுநர் பார்ப்பான், சொந்தக்காரர் பட்டறைக்குக் கொண்டுவருவார், பெரியவர் கியாலோவைக் கூப்பிடுவார், டர்பனுக்கு ஒரு தொலைபேசி போகும். எல்லாம் விமானத்துக்கு முன்னால் நடந்துவிட்டால் நல்லது. நான் காத்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான். விபத்து வேண்டும் என்று ஒருநாளும் ஜெபித்ததில்லை.

வண்டி ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம் பார்த்தேன். இடது பக்கம், நான்காவது வளைவின் கீழே, முடி அளவுக்கு ஒரு கீறல். விரல் நகத்தை வைத்தால் உள்ளே போனது. ஓட்டுநரிடம் சொல்லவில்லை. நான் சொன்னால், அங்கே ஏன் பார்த்தாய் என்று கேட்பான். அவனாகப் பார்க்கட்டும் என்று விட்டேன். நான்காவது வாரம் அது கொஞ்சம் நீண்டிருந்தது. பக்கத்து வளைவிலும் ஒன்று தொடங்கியிருந்தது. ஓட்டுநர்கள் கண்ணாடியைத் துடைப்பார்கள், ஐயா. கீழே குனிந்து பார்க்க மாட்டார்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை என்ன நடந்தது என்று உங்களிடம் படங்களே இருக்கின்றன. சாலை வளைவில் எதிரே வந்த லாரிக்கு ஓட்டுநர் ஒதுங்கியிருக்கிறான். மண்ணில் சக்கரம் இறங்கியிருக்கிறது. வேகம் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரே ஒரு புரளல். சிராய்ப்போடு எழுந்து வந்திருக்க வேண்டியவர்கள். பதினெட்டுக் காலும் செருப்பைக் கழற்றிவிட்டன. கூரை அப்படியே இருக்கைகளின் மேல் படுத்துவிட்டது. பதினான்கு பேர்.

அவர்கள் பெயர்களை நீங்கள் வாசித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மரியாதைக்காக.

கியாலோவை மச்சாகோஸ் சிறையில் வைத்திருக்கிறீர்கள். 'துண்டு போட்டவன் நான்தான், வெட்டியதும் நான்தான், வளைக்கும்போது அளவை விட்டுவிட்டேன்' என்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். என் பெயரை அவன் ஓர் இடத்திலும் சொல்லவில்லை என்றீர்கள். சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. சென்ற வியாழக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "புள்ளய பாத்துக்க மச்சான். உன்ன விட்டா அவளுக்கு யாரு," என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அந்த வாக்கை நான் மீறவில்லை. கவாத்தாவும் குழந்தையும் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்கள். கவாத்தா அதிகம் பேசுவதில்லை. சியோம்புவா என் மடியில் வந்து உட்கார்கிறாள். மவுஸைத்தான் தொடுவதில்லை. போகப் போகத் தொடுவாள்.

நான் இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். கியாலோ செய்யாத தவற்றைத் தன்னுடையது என்று நம்பிக்கொண்டு இருக்கிறான். அவன் வளைத்ததில் ஒரு மில்லிமீட்டர் பிசகு இல்லை. அதை அவனிடம் யாராவது சொல்ல வேண்டும். செருப்புக்கு அவன் பதில் சொல்லட்டும். அளவுக்கு நான் பதில் சொல்கிறேன். அளவை வேண்டுமென்றே குறைத்தேன், ஒட்டைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன், கீறலைப் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பதினான்கு பேரைக் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அது உண்மை இல்லை.

என் தங்கை நேற்று உங்களிடம் சொன்னதைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அந்தச் சனிக்கிழமை காலையில் நான் நிலையத்தில் இருந்தேன். டர்பன் போவதற்கு முன்னால் மாமியாரிடம் சொல்லிவிட்டு வர அவள் குழந்தையோடு கிட்டூயிக்குக் கிளம்பியிருந்தாள். வழியனுப்பப் போனேன். வேறு வண்டியில் ஏறியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் இருவரும் சுபிராவில், இடது பக்கம், நான்காவது ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே ஏறி, இறங்கச் சொன்னேன். ஏன் என்று கவாத்தா கேட்டாள். பின்னால் நிற்கிற வண்டி முதலில் போய்விடும் என்றேன். சியோம்புவா கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இது அப்பா செஞ்ச பஸ் மாமா. நான் இதுலதான் போவேன்," என்று அழுதாள்.

அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தூக்கிக்கொண்டு இறங்கினேன். என் தோளில் கடித்தாள். பின்னால் நின்ற வண்டியில் இருவரையும் உட்கார வைத்தேன். அவர்கள் அரை மணி நேரம் பின்தங்கி, கூட்டம் கூடியிருந்த அந்த வளைவுக்கு வந்து சேர்ந்தார்கள். கடவுள்தான் அண்ணனை அனுப்பினார் என்று தேவாலயத்தில் கவாத்தா சாட்சி சொன்னாள். உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

சுபிராவின் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமியைக் கையில் பிடித்திருந்தாள். இடம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். நான்காவது ஜன்னல் பக்கம் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, உட்காருங்கள் என்று சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு ஏறினாள். நீங்கள் வாசித்த பட்டியலில் பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் அவர்கள்தான் என்று நினைக்கிறேன். அப்போது பெயர் தெரியாது.

நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்தப் பேருந்து ஆபத்தானது என்று எனக்குத் தெரிந்திருந்தால், எல்லோரையும் இறக்கிவிட்டிருக்க மாட்டேனா, ஐயா?